எல்லோரும் வைக்கும் பெயரை நம் பிள்ளைக்கும் வைக்கலாமா?

பெயரின் பிரபலம் என்பது, ஒரே காலத்தில் பிறந்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்ற கணக்குதான். அதைப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து ஒரு பெயரைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரே பெயர் ஏன் கூடுகிறது? பெற்றோர் எல்லோரும் ஒரே இடங்களில் தேடுகிறோம்: நட்சத்திர எழுத்து, எண்கணிதம், அந்த வருடம் ஓடிய படம். திருகோணமலையில் இதோடு கோயில் கொண்டிருக்கும் சிவனான கோணேசரும் உண்டு. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிய தலம். கோணேஸ்வரன், அங்குள்ள அம்மனின் பெயரான மாதுமை போன்ற பெயர்களைப் பலர் வைத்திருப்பது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

கோணேசர் கோயில் வாசலில் செருப்பு விடுவதை நினைத்துப் பாருங்கள். ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பு பத்துச் சோடி கிடந்தால், குனிந்து வார் தேய்ந்த இடத்தைப் பார்த்துத்தான் நம்முடையதை எடுக்கிறோம். வகுப்பில் மூன்று கவின் இருந்தால் ஆசிரியரும் அப்படித்தான்: சி. கவின், த. கவின், இல்லாவிட்டால் நெட்டைக் கவின். நம்மில் பெரும்பாலும் அப்பாவின் முதலெழுத்துத்தான் ஆளைப் பிரித்துக் காட்டும். அதுவும் ஒன்றாகிவிட்டால்தான் சிக்கல். அதனால் நாடு முழுவதையும் பார்க்க வேண்டாம். உங்கள் தெருவிலும் சொந்தத்திலும் பக்கத்துப் பாலர் பாடசாலையிலும் விசாரியுங்கள், போதும்.

அரிய பெயர் என்றால் குழப்பமே வராது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கேள்விப்படாத பெயர்தான் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மாறும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் வேறு மாதிரியும் எளிதாகப் பதிவாகிவிடும்.