டர்போவா, ஃபேக்டரா? லீவரேஜ் சான்றிதழ்களில் என்ன வித்தியாசம்?
ஜெர்மனியில் வங்கிகள் வெளியிடும் இந்தச் சான்றிதழ்களில் சின்னத் தொகை போட்டாலே பங்கின் ஏற்ற இறக்கம் பல மடங்காக நம் தலையில் விழும். விலை ஏறும் என்று வாங்கும் டர்போவில் பங்கின் விலையில் நாம் போட்டது போக மீதிப் பணம் வங்கியுடையது என்பதால் கீழே ஒரு தடை விலை இருக்கும், பங்கு அதை ஒரு நொடி தொட்டாலும் சான்றிதழின் கதை முடிந்தது, பிறகு பங்கு ஏறினாலும் நமக்குப் பயனில்லை. சவுகார்பேட்டை அடகுக் கடையில் நகை ஏலம் போன மறுநாள் தங்கம் ஏறினால் நமக்கென்ன? ஃபேக்டரில் அந்தத் தடை விலை கிடையாது, ஆனால் மடங்கு தினமும் புதிதாகத் தொடங்கும். 100 யூரோ பங்கு இன்று 90க்கு இறங்கி நாளை 100க்கே திரும்பினாலும், 5 மடங்கு ஃபேக்டரில் போட்ட 100 யூரோ 50க்குப் போய் 78 பக்கம்தான் வரும். ஓரிரு நாளுக்கு மேல் நான் தொடமாட்டேன். அப்புறம், 5 மடங்கு என்றால் மாதக் கடைசியிலும் 5 மடங்கு என்று பலர் நினைக்கிறார்கள், அது அன்றன்றைய கணக்கு மட்டும்தான்.