கால்வாய்க் கரையில் ஒரே காட்சிதானா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தென்மேற்கு பிரான்சில் உள்ள கரோன் கால்வாயின் கரையோரமாக ஐந்து நாள் சைக்கிளில் சென்றதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போன ஜூன் மாதம் மகனையும் அழைத்துக்கொண்டு தூலூஸ் போனேன். இருபத்தைந்து வருடங்களாகப் பாரிஸ் புறநகரில் வசிக்கிறேன்; உணவகச் சமையலறையில் வேலை. இந்த நாட்டின் கிராமப்புறத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. தூலூஸிலிருந்து முவாசாக் வரை இரண்டு நாள் ஓட்டினோம். வழியில் கார் தொல்லையே இல்லை, அது பெரிய நிம்மதி. ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரம், கோடு கிழித்தது போலத் தார்ப்பாதை. முவாசாக்குக்கு முன்னால் ஒரு பாலம் வந்தது, கடந்தோம். மகனோ அடுத்த வருடம் இன்னும் தூரம் போகவேண்டும் என்கிறான். அங்கே பார்க்க ஒன்றுமில்லையா, எனக்குப் பார்க்கத் தெரியவில்லையா? ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி போவதில் பொருள் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. தூலூஸிலிருந்து மோன்தேக் வரையிலான நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான் அந்தக் கால்வாயிலேயே மிக நேரான பகுதி. சமவெளியில் வெட்டியதால் வளைய வேண்டிய தேவையே அங்கு வரவில்லை. நானும் முதல் நாள் மாலை, இப்படியேதான் முழுவதும் இருக்குமோ என்று எண்ணியபடிதான் படுத்தேன். ஆனால் நீங்கள் "ஒரு பாலம் வந்தது, கடந்தோம்" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் பதறியது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்தப் பாதை ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஓட்டியது சைக்கிளுக்காகப் போட்ட பாதை அல்ல, குதிரைக்காகப் போட்டது. படகைக் கயிற்றில் கட்டிக் கரையிலிருந்து குதிரை இழுத்துச் செல்லும்; குதிரைக்கு வழியில்லாத ஏழைப் படகுக்காரர்கள் தாங்களே தோளில் பட்டை மாட்டி இழுத்தார்கள், குடும்பத்துப் பெண்களும் இழுத்தார்கள். கயிறு சிக்கக் கூடாது என்பதால் தண்ணீருக்கும் பாதைக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. மிருகம் இளைக்கக் கூடாது என்பதால் ஏற்றமும் இருக்கக் கூடாது. கொத்தனார் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பார்ப்பார் அல்லவா, அப்படி நூறு நூறு கிலோமீட்டருக்குத் தண்ணீரே மட்டம் பார்த்துக் கொடுத்த தரை அது. தூலூஸிலிருந்து, கால்வாய் முடியும் காஸ்தே-ஆன்-தோர்த் வரை 193 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் கால்வாய் இறங்குவது சுமார் 130 மீட்டர்தான், அந்த இறக்கமும் 53 லாக்குகளில், அதாவது இரு கதவுகளுக்கு நடுவே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டிகளில், படிப்படியாக முடிந்துவிடுகிறது. இரண்டு லாக்குகளுக்கு நடுவில் உங்கள் சைக்கிள் போவது ஏறக்குறைய சுத்தமான சமதரையில். ஐம்பத்திரண்டு வயது முழங்காலுக்கு இதைவிட இதமான வழி எனக்குத் தெரிந்து கிடையாது.

கார் வராததற்கும் காரணம் இந்த வரலாறுதான். கரை என்பது கால்வாயின் உடைமை. அதில் இழுப்பவர்களும் கால்வாய் ஊழியர்களும் மட்டுமே போகலாம் என்பது பழைய ஒழுங்கு. கரோன் கால்வாய் முழுமையாக முடிந்தது 1856இல். அதே ஆண்டுகளில் அதற்குப் பக்கத்திலேயே அட்லாண்டிக் பக்கத்துப் பொர்தோவிலிருந்து மத்தியதரைக் கடலோரச் செத் வரை ரயில் பாதையும் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1858இல், அந்த ரயில் கம்பெனியே கால்வாயையும் நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. போட்டியாளன் கையில் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? சரக்கு ரயிலுக்குப் போனது, கால்வாய் வாடியது. வெட்டி முடித்தபோதே தோற்றுப்போன அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது. எனினும் கால்வாய் உயிரோடு இருந்தது, கரையும் இருந்தது. கடந்த சில பத்தாண்டுகளில் அதன்மேல் தார் விரித்து, வுவா வெர்த், அதாவது பச்சைப் பாதை என்று பெயரிட்டு, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள்.

அடுத்த முறை ஏதேனும் ஒரு லாக்கில் அரை மணி நேரம் உட்காருங்கள். வேறொன்றும் செய்யவேண்டாம். படகு ஒன்று வரும். லாக்குக்குச் சற்று முன்பாகவே, தண்ணீருக்கு மேலே ஒரு கம்பியிலிருந்து தொங்கும் தடியைப் படகில் நிற்பவர் எட்டிப் பிடித்து ஒரு திருகு திருகுவார். விளக்கின் நிறம் மாறும். கதவுகள் இரண்டும் மெல்ல விரியும், படகு உள்ளே வரும், பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பின் சத்தமே இல்லாமல் தண்ணீர் வடியத் தொடங்கும். முதலில் ஈரச் சுவரில் ஒரு விரல் அகலம் தெரியும், பிறகு ஒரு சாண், பிறகு பாசி படிந்த கல் வரிசை வரிசையாக வெளிவரும். சற்று முன் உங்கள் கண்ணுக்கு நேராக நின்றவரின் தொப்பியை இப்போது மேலிருந்து பார்ப்பீர்கள். அவர் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து விட்டபடியே இறங்குவார். கீழ்க் கதவு திறந்ததும் படகு போய்விடும். நீங்கள் பக்கத்துச் சரிவில் பத்து விநாடியில் இறங்கிவிடும் அந்த இரண்டு, இரண்டரை மீட்டருக்கு அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது. அதைப் பார்த்தபின் நான் ஓட்டிய வேகமே குறைந்துவிட்டது.

வேகம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மெல்லிய டயர் பந்தய சைக்கிளில் கூட்டமாக முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கரையில் விரட்டிச் செல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு என்றே நினைக்கிறேன். குழந்தைகள் தத்தித் தத்தி ஓட்டிப் பழகும் இடம் அது, வயதானவர்கள் நாயோடு நடக்கும் இடம். வேகம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே வயல்களுக்கிடையே வண்டி அதிகம் வராத ஊர்ச் சாலைகள் எத்தனையோ இருக்கின்றன.

இப்போது நீங்கள் கடந்துவந்தவற்றைச் சொல்கிறேன். மோன்தேக்கில் கால்வாய்க்கு இணையாக, சாய்வான ஒரு கான்கிரீட் தொட்டியும் அதன் இரு பக்கமும் ரயில் எஞ்சின் போல இரண்டு பெரிய இயந்திரங்களும் இருந்திருக்குமே? ஐந்து லாக்குகளில் ஒவ்வொன்றாக நிற்பதைத் தவிர்க்க 1974இல் செய்த ஏற்பாடு அது. தொட்டியில் ஒரு தடுப்புப் பலகையை இறக்கி, படகையும் அதைத் தாங்கும் தண்ணீரையும் சேர்த்தே அந்த எஞ்சின்கள் 443 மீட்டர் சரிவில் தள்ளி ஏற்றின. தண்ணீரைச் சரிவில் தள்ளிக்கொண்டு போவது! இயந்திரம் பழுதாகி 2009க்குப் பிறகு படகு எதுவும் அதில் ஏறவில்லை, இன்று காட்சிப் பொருள்.

முவாசாக்குக்கு முன்னால் நீங்கள் கடந்த பாலம் சாலைப் பாலம் அல்ல. கால்வாயே தார்ன் ஆற்றின்மேல் ஏறிப்போகும் பாலம் அது, கக்கோர் நீர்ப்பாலம், 356 மீட்டர். ஓடும் ஆற்றுக்கு மேலே இன்னொரு தண்ணீர், அதில் படகு, அதன் ஓரத்தில் நீங்கள். 1930 மார்ச் தொடக்கத்தில் தார்ன் பெருக்கெடுத்து வந்து முவாசாக்கில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பக்கத்திலிருந்த ரயில் பாலம் அடித்துக்கொண்டு போயிற்று. எண்பது வயதைத் தாண்டியிருந்த கல் நீர்ப்பாலமோ அசையாமல் நின்றது. ரயில் பாலம் மீண்டும் எழும்வரை அந்த நீர்ப்பாலத்தின் கரைப் பாதையில் தண்டவாளம் போட்டு ரயிலை விட்டார்கள். கால்வாயை வீழ்த்திய ரயில், கால்வாயின் முதுகில் ஏறி ஆற்றைக் கடந்த இடம் அது. நீங்களும் மகனும் சைக்கிள் ஓட்டியது அந்தத் தண்டவாளம் கிடந்த தரையில்தான்.

தூலூஸுக்குக் கிழக்கே போகலாமா என்றும் யோசிப்பீர்கள். அது கனால் து மிதி. ரீக்கே என்பவர் 1666இல் தொடங்கி, திறப்பைக் காணாமல் 1680இல் இறந்துபோக, மறு ஆண்டு திறந்த கால்வாய். அழகில் அதற்கு இணை இல்லை. வளைந்த பாலங்களின் கல் விளிம்பில் இழுகயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடத்தில் விரலை வைத்துப் பார்க்கலாம். ஆனால் தூலூஸை விட்டு ஐம்பது கிலோமீட்டர் போனதும் தார் முடிந்துவிடும். அதன்பின் பல இடங்களில் மண், கல், கரையோரம் நிழலுக்கு நட்ட பிளேன் மரங்களின் புடைத்த வேர். சாதாரண சாலை டயரோடு போனால் கையும் முதுகும் வலிக்கும். நிழலையும் நம்பிப் போகவேண்டாம். அங்கிருந்த சுமார் 42,000 பிளேன் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் புகுந்தது 2006இல் தெரியவந்தது. தண்ணீர் வழியாகவும் படகுக் கயிறு வழியாகவும் பரவும் நோய், மருந்தும் இல்லை. ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்துவிட்டார்கள். நிழலுக்கு மட்டுமன்றிக் கரை சரியாமல் பிடித்துவைக்கவும் உதவிய வேர்கள் அவை. மொட்டைக் கரையில் வெயிலில் ஓட்டியபோது அழுகை வந்தது. வேறு வகை மரங்களை நட்டுவருகிறார்கள், அவை குடை பிடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

லுவார் ஆற்றோரப் பாதையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். தொள்ளாயிரம் கிலோமீட்டர், அரண்மனைகள், திராட்சைத் தோட்டங்கள். நல்ல பாதைதான். ஆனால் ஆறு கால்வாயைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்காது. வெள்ளத்துக்கு அஞ்சிப் பாதை அடிக்கடி கரையை விட்டு ஊருக்குள் ஏறி இறங்கும், சில இடங்களில் காரோடு சாலையைப் பகிரவேண்டிவரும். முதலில் கரோன் கால்வாயை முடித்துவிட்டு அங்கே போங்கள்.

ஆகவே என் யோசனை, முவாசாக்கில் விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அங்கே இறங்கிவிடலாம். கோடை உச்சியைத் தவிர்த்து செப்டம்பரில் போனால் அந்த ஊரின் புகழ்பெற்ற ஷாஸ்லா திராட்சை பழுத்திருக்கும். பொன் நிறத்தில் கண்ணாடி போலத் தோலுள்ள பழம், பையில் ஒரு கொத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கால்வாய் வளையத் தொடங்கும், குன்றுகள் நெருங்கிவரும். அஜானில் கரோன் ஆற்றையே கடக்கும் இன்னொரு நீர்ப்பாலம், 23 வளைவுகள், 539 மீட்டர், முடிந்த உடனேயே அடுத்தடுத்து நான்கு லாக்குகள். அங்கே இறங்கி நின்று பாருங்கள்.

பொர்தோ போகிறவர்கள் லா ரெயோல் அருகிலேயே கால்வாயை விட்டுத் திரும்பிவிடுவார்கள், பலகையும் அப்படித்தான் காட்டும். நீங்கள் திரும்பாமல் மிச்சமிருக்கும் சில கிலோமீட்டரையும் ஓட்டி, காஸ்தேயில் கடைசி லாக் வரை போங்கள். கதவுக்கு அப்பால் கரோன் ஆறு. அட்லாண்டிக் கடலின் ஏற்றவற்றம் அந்த இடம் வரை எட்டுவதால், இறங்கவேண்டிய படகுகள் தண்ணீர் உயரும் வேளைக்காக அங்கே கயிறு கட்டிக் காத்து நிற்கும். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீங்களும் காத்திருங்கள்.

அன்புடன்.