படிக்க வையுங்கள், கார்டைத் தேய்க்காமல்

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் மகள் 12-ம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகப்போகிற முதல் ஆள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். டியூஷன், புத்தகம் என்று அவளுடைய மாமா கேட்கும்போதெல்லாம் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்துக் கொடுக்கிறேன். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை கட்டியும் கடன் குறையவில்லை. ஏஜென்ட் ஒருவர் அவள் படிப்புக்காகக் கல்விக் காப்பீட்டுத் திட்டம் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். 10, 15 வருடம் கட்டவேண்டிய திட்டத்தை, அடுத்த வருடமே கல்லூரியில் சேரும் பெண்ணுக்குச் சிபாரிசு செய்கிறவர் தன் கமிஷனைத்தான் பார்க்கிறார்.

உங்களை அரிப்பது அந்த ரொக்கம்தான். பழைய பாக்கி இல்லாத கார்டில் பொருள் வாங்கினால் சில வாரம் வட்டி கிடையாது. ரொக்கம் எடுத்தால் பொதுவாக அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும், தனிக் கட்டணமும் உண்டு. வட்டி மாதம் 3%, குறைந்தபட்சத் தொகை 5% என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 100 என்றால், கட்டுகிற 5-ல் 3 வட்டிக்கே போச்சு. அசலில் கழிவது 2. பாக்கி பாதியாகக் குறைய ஏறக்குறைய 3 வருடம் பிடிக்கும். அதற்குள் சுமார் 125 கட்டியிருப்பீர்கள். இதுவும் புதிதாக ஒரு பைசா எடுக்காமல் இருந்தால்தான்! குறைந்த வட்டியில் தனிநபர் கடன் கிடைத்தால் வாங்கி, கார்டு பாக்கியை மொத்தமாக அடைத்துவிடுங்கள்.

அப்புறம் மாமா. இனி கையில் பணம் கிடையாது, கட்டணச் சீட்டைக் கொடுத்தால் பள்ளிக்கே கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வைத்துக்கொள்ளட்டும். என்ன தேவை என்று அந்தப் பெண்ணையே கேளுங்கள்.

இப்போது கொடுப்பதில் பாதியை நிறுத்தி, சாதாரண ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். ஏழைப் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுவது பரீட்சை முடிவுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவில். அமெரிக்காவில், கல்லூரி போவதாக இருந்த மாணவர்களில் 10 முதல் 20% பேர் இந்த இடைவெளியில் நின்றுவிடுவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழைகளிடையே இது இன்னும் அதிகம். விண்ணப்பக் கட்டணம், இடத்தை உறுதி செய்ய முன்பணம், விடுதி டெபாசிட், முதல் மாதப் பயணச் செலவு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். உதவித்தொகை இருந்தாலும் அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். உங்கள் பணம் அப்போது தயாராக இருக்கவேண்டும்.

பெரிய கட்டணத்துக்கு உதவித்தொகை, அது போதாவிட்டால் கல்விக் கடன். பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகுதான் தவணை தொடங்கும். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு மாமா மறுபடி வருவார். அவள் கட்டத் தவறினால் அது உங்கள் கடன். கார்டு பாக்கி தீரும் வரை பேனாவையே தொடாதீர்கள்.