மோசமான ஆண்டிலும் கட்ட முடிகிற பள்ளி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவள் நான். இன்று ஒரு சொந்த விஷயத்துக்காக எழுதுகிறேன்.

என் கணவர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் இரண்டு முறை ஆட்குறைப்பு நடந்துவிட்டது. இரண்டிலும் அவர் பெயர் வரவில்லை. மூன்றாவது முறை வருமா, வந்தால் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பகுதி நேர வேலைதான். அந்தச் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாகப் போகிறது.

பிள்ளைகள் இருவரும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் மகள் ஒன்பதாம் வகுப்புக்கும் மகன் ஐந்தாம் வகுப்புக்கும் போகிறார்கள். கட்டணம் இந்த முறையும் ஏறுகிறது. கையில் எட்டு மாதச் செலவுக்குத் தாங்கும் சேமிப்பு இருக்கிறது. இருவருக்கும் கட்டணம் கட்டினால் அது நான்கு மாதமாகச் சுருங்கிவிடும். "கடன் வாங்கியாவது இங்கேயே படிக்க வைப்போம், படிப்பில் கை வைக்கக் கூடாது" என்கிறார் கணவர். அரசுப் பள்ளியில் சேர்க்கலாமே என்று நான் சொன்னதற்கு என் மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன மாதம் மகனின் பையைத் துவைக்க எடுத்தேன். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டு வந்த தாள் நான்காக மடிக்கப்பட்டு அடியில் கிடந்தது. கடைசித் தேதி முடிந்திருந்தது. எங்களிடம் அவன் காட்டவே இல்லை. பணக் கஷ்டம் பற்றி நாங்கள் அவனிடம் எதுவும் சொன்னதில்லை.

பிள்ளைகளின் எதிர்காலத்தை நாங்களே கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகனை இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் அவளும் இப்போதே மாறிவிடுவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக் கட்டணத்துக்காகக் கடன் மட்டும் வாங்காதீர்கள்.

"படிப்பில் கை வைக்கக் கூடாது" என்று உங்கள் கணவர் சொல்வதில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. வேலை நிலைக்குமா என்ற பயத்தோடு தினமும் அலுவலகம் போகிறவர், பிள்ளைகள் விஷயத்திலாவது எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கட்டணம் குறைந்தால் படிப்பும் குறைந்துவிடும் என்ற அவருடைய நம்பிக்கை சரிதானா என்று பார்க்க வேண்டும்.

பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்த கேள்விதான் இது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் கூடுதல் மதிப்பெண் வாங்குவது பெரும்பாலான இடங்களில் உண்மை. அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1966இல் வெளியானது. பள்ளியின் கட்டடம், வசதிகள் எல்லாவற்றையும் விட, பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும்தான் அதிகத் தொடர்பு இருந்தது. 2000 முதல் பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பீசா தேர்வும் இதையே காட்டுகிறது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், தனியார் பள்ளிகளின் முன்னிலை பெரும்பாலான நாடுகளில் காணாமல் போய்விடுகிறது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திரக் கிராமங்களில் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வு. தனியார் பள்ளியில் சேர்வதற்கான உதவித்தொகையைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கல் என்பதால் அக்கறையுள்ள பெற்றோர், வசதியான வீடு போன்ற வேறுபாடுகள் இரண்டு பக்கமும் சமமாகிவிடுகின்றன. நான்கு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் பெயர் வந்த பிள்ளைகளுக்கும் வராத பிள்ளைகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் பெயர் வந்தவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளிகளில் இந்திக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தனியார் பள்ளிகள், அரசுப் பள்ளி ஒரு மாணவருக்குச் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்தே இதைச் செய்தன. அவை கிராமத்துச் சிறு பள்ளிகள், உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி வேறு மாதிரி இருக்கலாம். எல்லாப் பள்ளியும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் கட்டுவதாலேயே பிள்ளை கூடுதலாகக் கற்றுக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

உங்கள் பிள்ளைகளின் படிப்பில் பெரும்பகுதி உங்கள் வீட்டிலிருந்து வருகிறது என்றால், நீங்கள் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்த வீட்டைத்தான். பள்ளி மாறினாலும் வீடு மாறாது. இரவில் பாடம் சொல்லித்தர உட்காரும் அம்மா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழாத அப்பா, நிம்மதியான தூக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். கடன் வாங்கினால் இவைதான் முதலில் போகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஐந்தாம் வகுப்பில் கட்டுவது 100 என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் 195 ஆகிவிடும். எட்டு ஆண்டுக்கும் கூட்டினால் ஏறத்தாழ 1,144 வருகிறது. இந்த ஆண்டுக் கட்டணத்தைப் போல் பதினொரு மடங்குக்கும் மேல், அதுவும் மகன் ஒருவனுக்கே. பத்து சதவீதத்தோடு நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை. பிரிட்டனில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத வரி வந்தது. கல்வியாண்டின் நடுவில் வந்த சுமை அது. "இந்த ஒரு வருஷத்தைச் சமாளித்துவிட்டால் போதும்" என்று கடன் வாங்குகிறவர்கள், அடுத்த வருஷம் ஏறிய கட்டணத்தையும் பழைய கடனின் தவணையையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். சம்பளம் அப்படி ஏறுமா? ஏறாது என்ற பயத்தில்தானே நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே ஒன்று. வருமானம் மிக மோசமாக இருக்கும் ஆண்டிலும் கட்ட முடிகிற பள்ளிதான் நமக்குக் கட்டுப்படியாகிற பள்ளி. நல்ல ஆண்டின் சம்பளத்தை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், வேலை போகும் நாளில் பிள்ளையும் பள்ளியை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும். ஒரே மாதத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு அடி.

ஆண்டின் நடுவில் மாறும் பிள்ளை படும் பாட்டைப் பள்ளி ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாடம் பாதியில் நிற்கிறது. புதிய வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே நண்பர்கள் இருக்கிறார்கள். கட்டண பாக்கிக்காக வகுப்பில் பெயர் வாசிக்கப்பட்டிருந்தால் அந்த அவமானமும் கூடவே வருகிறது. விடுமுறை முடிந்து, எல்லோரும் புது வகுப்புக்குள் நுழையும் அதே நாளில் நுழைகிற பிள்ளைக்கு இது எதுவும் இல்லை. உங்களுக்கு இன்னும் அந்த நாள் கையில் இருக்கிறது.

இப்போது மகள் விஷயம். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம் அவளுக்கு மாறுவதற்கு ஏற்ற கடைசி இடம். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு நெருங்கிவிடும், அப்போது மாற்றினால் சிரமம் அதிகம். எனவே இரண்டே வழிகள்தான். ஒன்பதுக்கும் பத்துக்குமான இரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் இன்றே தனிக் கணக்கில் போட்டுவிட்டு, வேலை போனாலும் தொடுவதில்லை என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே மாற்றிவிட வேண்டும். "இந்த வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. நீங்கள் கொடுத்த கணக்கின்படி, மகளுக்கு மட்டும் இரண்டு ஆண்டுக்கு ஒதுக்கினாலே சேமிப்பில் பாதி போய்விடும். அதனால்தான் அவளும் மாறட்டும் என்று சொன்னேன். கடன் இல்லாத வேறு வருமானம் ஏதாவது வரவிருந்தால், முதல் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒன்பதாம் வகுப்பில் பயிற்றுமொழி மாறுவது, பள்ளி மாறுவதை விடப் பெரிய சுமை. அவள் இதுவரை படித்த மொழியிலேயே பாடம் நடக்கும் அரசுப் பள்ளி சற்றுத் தூரத்தில் இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள். அவளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். இந்தக் கணக்கை அவள் முன்னாலேயே போட்டுக் காட்டலாம், அவள் கருத்தையும் கேட்கலாம்.

அரசுப் பள்ளி என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. நீங்கள் சேர்க்கப்போவது ஒரு குறிப்பிட்ட பள்ளியில். தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஐந்தாம் வகுப்பில், முதல் வரிசையில் இல்லாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தேதிகள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா? எல்லாப் பக்கத்திலும் ஒரு சிவப்பு டிக் மட்டும்தானா, அல்லது கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் பிள்ளை செய்த தவறை வட்டமிட்டு, பக்கத்தில் அதே கணக்கைத் திரும்பப் போட வைத்திருக்கிறார்களா? அந்தத் திருத்தம் கண்ணில் பட்டால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். இப்போதைய பள்ளியில் உங்கள் மகனின் நோட்டையும் அப்படியே புரட்டிப் பாருங்கள். அப்புறம், எந்தப் பாடத்துக்காவது ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், மகளுக்கு அது முக்கியம்.

குறைகள் இருக்கும். வகுப்பில் கூட்டம் அதிகமாக இருக்கலாம், இசையும் விளையாட்டும் குறைவாக இருக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை, பிள்ளைகள் இருவருக்கும் மிகவும் பிடித்த ஒரு விஷயத்துக்கு ஒதுக்குங்கள். பெற்றோர் கூட்டங்களுக்குத் தவறாமல் போங்கள். கேள்வி கேட்டுப் பழகிய பெற்றோர் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு பள்ளியில் எவ்வளவோ மாறும். அதன் பலன், கேட்கத் தயங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

மகன் அந்தத் தாளை ஒளித்து வைத்ததைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை வீட்டுக் கணக்கைத் தானாகவே போட்டு, அதில் தன் ஆசையைக் கழித்திருக்கிறான். நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். அதனால்தான் அவன் பாட்டுக்கு ஊகித்துப் பயந்திருக்கிறான். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: அப்பாவுக்கு வேலை இருக்கிறது, வருமானம் குறைந்தாலும் குறையலாம், அதற்காக இப்போதே ஏற்பாடு செய்கிறோம், பள்ளி மாறும், வீடும் சாப்பாடும் மாறாது. அவன் சரியாகப் படிக்காததால் மாற்றுகிறோம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. அதைத் தனியாக, தெளிவாகச் சொல்லுங்கள்.

மாமியாரின் கோபம் பெரும்பாலும் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதில் இருந்து வருவது. அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இந்தியக் கிராமங்களில் எடுக்கப்படும் ஏசர் கணக்கெடுப்பின்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளிக்குப் போனவர்கள் 2018இல் 65.6 சதவீதம். பெருந்தொற்று வந்து போன பின் 2022இல் 72.9 சதவீதம். 2024இல் அது 66.8க்கு இறங்கியது. கையில் பணம் இறுகியபோது எத்தனையோ குடும்பங்கள் மாறியிருக்கின்றன, நிலைமை தெளிந்ததும் போக்கும் திரும்பியிருக்கிறது. உங்களுக்கும் அந்த வழி அடைபட்டுவிடாது. இரண்டு ஆண்டு கழித்து, மகன் அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னாலும் சொல்வான்.

கடைசியாக ஓர் அவசர விஷயம். உங்கள் பள்ளியின் சேர்க்கை விதிகளை எடுத்து இன்றே படியுங்கள். விலகுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அடுத்த பருவக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்று பல பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன. சேரும்போது முன்பணம் கட்டியிருந்தால் அதைத் திரும்பப் பெறும் வழியையும் அதிலேயே தேடுங்கள். விலகல் கடிதத்தின் நகலில் பள்ளியின் முத்திரையையும் தேதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டண பாக்கி எதுவும் வைக்காமல் வெளியே வந்தால் சான்றிதழ்கள் தடையில்லாமல் கைக்கு வரும்.

அன்புடன்