புது ஜீப்பில் ஆக்சில் கசிவு

கேள்வி: ஜீப் வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது. சர்வீஸில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆக்சில் சீலை மாற்றினார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி கசிவு. என்ன செய்யலாம்?
– வாசகர், வால்பாறை

பதில்: முதலில் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டியான எண்ணெய், மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை என்றால் அது ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில்தான். பிரேக் ஷூ அதில் ஊறியிருந்தால் துடைத்துப் போடவே கூடாது, இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற வேண்டும். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்குகிற வண்டி அது. சரிசெய்யும்வரை மலை இறக்காதீர்கள், ப்ளீஸ்.

மாற்றிய சீல் மறுபடி கசிந்தால் நான் முதலில் பார்ப்பது ஆக்சில் மேலே, காற்று வெளியேற இருக்கும் பிரீதரை. சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால், சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள், காற்று போக வேண்டும். அப்புறம் ஆயில் அளவு. நிரப்பும் துளையின் கீழ்விளிம்புக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் சரியென்றால், சீல் உட்காரும் இடத்தில், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை நகத்தால் வருடச் சொல்லுங்கள். கீறல் தட்டினால் எத்தனை சீல் போட்டாலும் நிற்காது.

வாரன்டி இருக்கிறது, காசு கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் "ஆக்சில் கசிவு" என்று சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.