காற்றில் விழுந்த கூடும் குஞ்சு கேட்டு வரும் ஆளும்

கேள்வி: காற்றுமழையில் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்ட வரிசை வீட்டு) வேலியிலிருந்த கொண்டைக்குருவிக் கூடு விழுந்துவிட்டது. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் உயிரோடு இருக்கின்றன. பால் கொடுக்கலாமா? கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்கள். டவுன் ஆள் ஒருவர் வளர்ப்பதாகச் சொல்லிக் கேட்கிறார். (வாசகி, ஹட்டன்)

பதில்: பால் வேண்டாம். பாண், சோறு, தண்ணீரும் வேண்டாம். இந்த வயதுக் குஞ்சால் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்க முடியாது. குளிர்ந்த வயிற்றில் எதுவும் செரிக்காது. வாயில் விட்ட தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உலர்ந்த துணியில் பொதிந்து உள்ளங்கைச் சூட்டில் வையுங்கள்.

கை பட்டால் தாய் விட்டுவிடும் என்பது வெறும் பேச்சு. மழை விட்டதும், தண்ணீர் வடியும் சின்னக் கூடையில் கூட்டை வைத்து அதே வேலியில் இலை மறைவில் கட்டுங்கள். பூனையை அடைத்துவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து ஓரிரு மணி நேரம் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் தாய் இறங்காது.

பொந்தில் வளரும் கிளி, குக்குறுவான் குஞ்சுகளுக்கு மட்டும் இந்தக் கூடை சரிவராது. அவற்றின் தாய் பொந்து வாயைத்தான் தேடி வரும். மரம் சாய்ந்திருந்தால் பொந்துள்ள துண்டை மட்டும் அறுத்து, வாய் முன்பு இருந்த பக்கமே பார்க்கும்படி, பக்கத்து மரத்தில் நிமிர்த்திக் கட்ட வேண்டும். தலைகீழாகக் கட்டிவிட்டுத் தாய் வரவில்லை என்பவர்கள் உண்டு. இப்படிப் பொந்துள்ள பட்டமரம் லயத்தின் மேல் சாயுமென்றால் வெட்டட்டும். தேயிலைக்கு நடுவே சும்மா நிற்பதைக் கூடு கட்டும் பங்குனி, சித்திரையில்தான் வெட்ட வேண்டுமா?

அப்புறம் அந்த டவுன் ஆள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். புயலுக்கு மறுநாள் லயம் லயமாக வந்து விசாரிப்பவருக்குக் கொண்டைக்குருவி மேல் என்ன பாசம்? இன்று இதை வாங்குவார், நாளை "கிளிப்பொந்து எங்கே" என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்பார். சாம்பல் தலைக் கிளி இலங்கையில் மட்டும் வாழ்வது. கூண்டில் வளர்ப்பவர்களிடம் நல்ல விலைக்குப் போகும். தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. பிடிபடுவது பெரும்பாலும் மரமேறிய பையன்தான், காசு கொடுத்தவர் அல்ல.

மாலைக்குள் தாய் வராவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992க்கு அழையுங்கள். திணைக்களத்தார் வரும்வரை குஞ்சுகளுக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.