காட்டெருமை ஏன் குறைந்தது? கேள்வி பதில்

கேள்வி: காட்டெருமை அழிகிறது என்கிறீர்கள். எங்கள் கொடைக்கானலில் தெருவிலேயே நிற்கிறதே?

பதில்: அது காட்டுமாடு. சங்கப் பாட்டில் வரும் ஆமா. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும், பசு வகை. நான் பேசுவது வீட்டு எருமையின் மூதாதையைப் பற்றி. உலகத்திலேயே 4,000க்கும் குறைவு, பெரும்பகுதி அசாமில்.

கேள்வி: வேட்டைதானே காரணம்?

பதில்: பங்கு உண்டு. இரண்டு மீட்டர் வரை விரியும் கொம்புக்காகவே சுட்டார்கள். ஆனால் வேட்டையைத் தடுத்த 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் மந்தைகள் பழையபடி பெருகவில்லையே, ஏன்? நிலம் போய்விட்டது. எருமைக்கு வெயில் ஆகாது. சேற்றுக்குட்டையும் ஆற்றோர நாணற்காடும் வேண்டும். அதே வண்டல் மண்தான் நெல்லுக்கும் வேண்டும். யார் ஜெயிப்பார்கள்? அப்புறம், மேய வந்த வீட்டு மாடுகள் கொண்டுவந்த வெக்கை நோய். பத்து மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும் விலங்கு. ஒரு கொள்ளைநோய் வந்துபோனால் மந்தை எழுந்திருக்கப் பல வருடம் ஆகும். அந்த நோய் உலகைவிட்டே ஒழிந்தது 2011இல்தான்.

கேள்வி: வீட்டு எருமையோடு கலந்தால் எண்ணிக்கை கூடுமே?

பதில்: தலை கூடும், காட்டெருமை கூடாது. நேபாளத்தில் கோசி தப்பு என்ற இடத்தைப் பாருங்கள். 1976இல் காப்பகமானபோது அறுபத்துச் சொச்சம்தான் இருந்தன. காட்டுக்கிடா நாணலைவிட்டு வெளியே வந்து ஊர் மந்தையில் சேரும். கன்று வாட்டசாட்டமாகப் பிறக்கும், மாட்டுக்காரருக்குச் சந்தோஷம். அந்தக் கலப்புக் கன்று காட்டோடு தங்கிவிட்டால் இரண்டு மூன்று தலைமுறையில் எது எது என்று பிரிக்க முடியாது. இலங்கை யாலவில் மந்தை மந்தையாக நிற்பவற்றில் பெரும்பாலும் வீட்டு இரத்தம்.

கேள்வி: அப்படியானால் மாட்டுக்காரர் மேய்க்கவே கூடாதா? ஏழை வயிற்றில் அடிப்பதுதான் பாதுகாப்பா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை. வெளியே புல் இருந்தால் அவர் ஏன் காட்டுக்குள் வரப்போகிறார்? மேய்ச்சல் தரையைத் தின்றது யார் என்று கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சண்டை போடுகிறேன். தடுப்பூசி போடாத மாட்டை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: குளோனிங் செய்யலாமே?

பதில்: செய்தார்கள். 2014இல் ஹரியானாவின் கர்னாலில் தீபாஷா என்ற குளோனிங் காட்டெருமைக் கன்று பிறந்தது. வளர்ந்த பிறகு பார்த்தவர்கள், முர்ரா என்ற வீட்டு எருமை இனம்போல் இருக்கிறதே என்றார்கள். அந்தத் தகராறு தனிக்கதை.

கேள்வி: தோடர் எருமை?

பதில்: வீட்டு எருமை.

கேள்வி: நேற்று வால்பாறை எஸ்டேட்டில் ஒரு காட்டெருமை...

பதில்: காலில் வெள்ளை இருந்ததா? சரி, முதல் பதிலைப் படியுங்கள்.